களி, முத்தே, சங்கட்டி, போலென்டா



ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் புதிதாக ஓர் இத்தாலிய உணவகம் திறந்திருக்கிறார்கள். உங்களில் நாலைந்து பேர் எனக்குப் படம் அனுப்பி, "சார், போய்ப் பார்த்துட்டு எழுதுங்க" என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் மகள், மருமகன், பேரனோடு நானும் என் மனைவியும் போய் வந்தோம். பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் மதிப்பெண் போடும் வேலையைப் பேரன் பார்த்துக்கொண்டான். நான் எழுத நினைப்பது அங்கே வந்த ஒரே ஒரு தட்டைப் பற்றி. அதன் பின்னால் இருக்கும் கதை நம் ஊர்க் கதையோடு ஒட்டி ஓடுகிறது. கொஞ்சம் நீளம்தான், ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டில் மஞ்சள் நிறத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது. மேலே வதக்கிய காளான், துருவிய சீஸ். பெயர் போலென்டா. விலை 420 ரூபாய். பரிமாறிய தம்பி, "மக்காச்சோள மாவுல செய்யறது சார், கிளறிக்கிட்டே இருக்கணும்" என்றார். என் மனைவி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்னங்க, இது நம்ம களிதானே? மஞ்சளா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அது களிதான்.

நம் எல்லைப் பகுதியில் ஒரே உணவுக்கு மூன்று பெயர் உண்டு. தமிழில் களி. கன்னடத்தில் முத்தே. தெலுங்கில் சங்கட்டி. தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர்ப் பக்கம் ஒரே தெருவில் மூன்று பெயரையும் கேட்கலாம். இதற்கு நம் ஊரின் வரலாறு காரணம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி அப்போதே கம்பெனி கைக்குப் போனது. மலைக்கு மேலே இருக்கும் ஓசூர்ப் பகுதி 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் வந்தது. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஆட்சி மாறியது, எல்லைக்கோடு மாறியது. மேட்டு நிலத்துப் புன்செயில் விளைந்தது மட்டும் மாறவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேழ்வரகுதான்.

இப்போது இத்தாலிக்குப் போவோம்.

மக்காச்சோளம் ஐரோப்பாவில் கிடையாது. அது மெக்சிகோ நாட்டுப் பயிர். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகு கப்பலேறி வந்தது. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாமே அந்த வழியில் பழைய உலகத்துக்கு வந்தவைதான். இத்தாலியச் சமையல் என்றாலே சிவப்புச் சாறுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் இத்தாலியில் தக்காளி பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1544-ல்தான் வருகிறது. நேப்பிள்ஸில் அந்தோனியோ லாத்தீனி என்பவர் தக்காளிச் சாறு செய்முறையைத் தம் சமையல் நூலில் அச்சிட்டது 1692-ல். அதாவது சிவாஜி ராய்கட்டில் முடிசூடிக்கொண்டு பதினெட்டு ஆண்டுகள் கழித்து! நமக்கும் தக்காளி புதியதுதான். தக்காளி என்ற பழைய சொல் மணத்தக்காளி போன்ற நம் ஊர்ச் செடிகளுக்கு உரியது. வெளியூர்ப் பழம் வந்ததும் அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்து, பெயர் முழுதும் வந்தவனுக்கே போய்விட்டது. இன்று ராயக்கோட்டை சந்தையில் லாரி லாரியாக ஏறுவது அந்த வந்தேறிதான். ஆகவே, நம்முடையது எது, அவர்களுடையது எது என்று தட்டை வைத்துச் சண்டை போட முடியாது.

மக்காச்சோளம் வருவதற்கு முன்பும் இத்தாலிய ஏழைகள் களிதான் சாப்பிட்டார்கள். பழைய ரோமானியர்கள் தானியத்தைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தார்கள். வடக்கே மலையடிவாரத்தில் தினை வகைகளிலும், வாற்கோதுமையிலும், காய வைத்து அரைத்த செஸ்ட்நட் கொட்டை மாவிலும் போலென்டா கிண்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரைச் சுற்றிய சமவெளியில் மக்காச்சோளம் பயிராகத் தொடங்கியது. விளைச்சல் அதிகம். அடுத்த இருநூறு ஆண்டுகளில் வட இத்தாலிக் குடியானவன் வீட்டுப் பாத்திரம் மஞ்சளாகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் பியெத்ரோ லோங்கி "போலென்டா" என்ற பெயரிலேயே ஓர் ஓவியம் வரைந்திருக்கிறார். சமையலறையில் பெண்கள் கொதிக்கும் மஞ்சள் களியைப் பாத்திரத்திலிருந்து கவிழ்க்கிறார்கள். இணையத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் பாட்டி நினைவுக்கு வருவார்.

செய்முறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் செம்புப் பாத்திரத்தில் உப்பு போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவி, நீளமான மரக்கோலால் முக்கால் மணி நேரம் கிளறுகிறார்கள். வெந்ததை மரப்பலகையில் கொட்டி, ஆறியதும் நூலால் அறுத்துத் துண்டு போடுகிறார்கள். நம் வீடுகளில் நொய்யரிசியைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவை மேலே குவித்து, மூடி வேகவிட்டு, களிக்கோலால் கட்டி தட்டாமல் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடிக்கிறோம். மிஞ்சிய போலென்டாவை அவர்கள் மறுநாள் வாட்டித் தின்கிறார்கள். மிஞ்சிய களியை நாம் மறுநாள் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கிறோம்.

கேலியும் ஒன்றேதான். தென் இத்தாலியர்கள் வடக்கத்தியரை "போலென்தோனி" என்று கிண்டல் செய்வார்கள். களி தின்னி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் இன்னும் ஒரு படி மேலே போனோம். நம் மொழியில் "களி தின்னப் போறான்" என்றால் சிறைக்குப் போகிறான் என்று அர்த்தம். அரிசிச் சோறு கிடைத்தவர்கள், மற்றவர்களின் அன்றாட உணவைத் தண்டனைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். யோசித்தால் வலிக்கிறது.

இதற்கு மேல் வருவது சமையல் குறிப்பில் வராத பகுதி.

18-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியக் கிராமங்களில் புது நோய் ஒன்று பரவியது. வெயில் படும் இடங்களில் தோல் தடித்துச் சொரசொரப்பாகும். பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு புத்தி தடுமாறும். பிறகு மரணம். 1771-ல் மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ பிராப்பொல்லி அதை எழுதி வைத்தார். மக்கள் அழைத்தபடி பெயர்: பெலாக்ரா. சொரசொரத்த தோல் என்று பொருள். 1881-ல் இத்தாலி அரசு கணக்கெடுத்தபோது நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். மனநல விடுதிகள் நிரம்பின. ஆண்டு முழுக்கப் போலென்டாவைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத கூலி விவசாயிகள்தான் அதில் பெரும்பாலோர். கோதுமையும் திராட்சையும் விளைந்தன. அவை நிலக்கிழாருக்கும் சந்தைக்கும் போயின. கூலிக்காரனுக்கு மிஞ்சியது மஞ்சள் மாவு மட்டும்.

அதே மக்காச்சோளத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்ட மெக்சிகோ மக்களுக்கு ஏன் இந்த நோய் வரவில்லை? அந்த ஊர்ப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து, தோல் நீக்கி அரைப்பார்கள். தானியத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற சத்து அப்படிச் செய்தால்தான் உடம்புக்குக் கிடைக்கும். கூடவே அவரை இனப் பயறுகளும் சாப்பிட்டார்கள். கப்பலில் விதை வந்தது. அதைச் சமைக்கும் அறிவு வரவில்லை. கெட்டுப்போன சோளம்தான் காரணம் என்று இத்தாலியில் பல காலம் வாதிட்டார்கள். உணவுக் குறைபாடுதான் காரணம் என்று அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915 வாக்கில் சோதனை செய்து காட்டினார். எந்தச் சத்து என்று 1937-ல் தெரிந்தது.

இந்தக் கதையில் நம் பழைய சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. (நம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 1965 வரை சேலம் மாவட்டம்தான், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.) 1918-ல் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன், ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். தக்காணத்தில் சோளம் மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் பெலாக்ரா இருப்பதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் அவர். ஏழையை ஒரே தானியத்தில் அடைத்தால் இத்தாலியானாலும் தக்காணமானாலும் உடம்பு அதே மாதிரிதான் உடைகிறது.

"அப்போ நம்ம களி, சார்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பது எனக்குக் கேட்கிறது.

கேழ்வரகும் வந்த பயிர்தான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது. அவ்வளவு காலம் இருந்ததால் நம் பாட்டிகளுக்கு அதோடு பழக நேரம் இருந்தது. களியோடு என்ன வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளுச் சாறு, கிடைத்தால் கருவாடு. மாவில் குறைவதைக் குழம்பு நிரப்பியது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பல ஆண்டு சேமித்து வைத்தாலும் பூச்சி எளிதில் அண்டாது. மழை பொய்க்கும் மேட்டு நிலத்துக்கு அதுவே காப்பீடு.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிடாதீர்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டமும் மைசூரும் கருகின. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியை வெட்டினார். கீரையும் இல்லை, அவரையும் இல்லை. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தது அந்தப் பஞ்சம் முடிந்த 1878-ஆம் ஆண்டு டிசம்பரில்தான்.

பிறகு அரிசி வந்தது. தீபாவளி, பொங்கல் அன்றைக்கு மட்டும் நெல்லுச்சோறு சாப்பிட்ட குடும்பங்கள் நம்முடையவை. 1950-களில் கிருஷ்ணகிரி அணை கட்டி நெல் வயல் பெருகியது. 1967-ல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி. 2011-லிருந்து குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி. பசியை விரட்டியது அந்த அரிசிதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரிசி வந்த வேகத்தில் களிக்கு வெட்கம் ஒட்டிக்கொண்டது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், களி உருண்டை கொண்டுவந்த பிள்ளைகள் மதியம் புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். அரிசிச் சோறு கொண்டுவந்தவர்கள் வராந்தாவில் இருப்பார்கள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிப்காட் வந்ததும் ஊரே மாறியது. 1980-ல் அசோக் லேலண்ட், அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட், 1984-ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆள் வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வருகிறார்கள். ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவர் களி கிண்ட முடியாது. மெஸ் வந்தது, பேக்கரி வந்தது, பரோட்டாக் கடை வந்தது. பக்கத்தில் பெங்களூரு இருப்பதால் மற்றதும் வந்தன. பீட்சா ஹட் இந்தியாவில் கடை திறந்தது 1996-ல், பெங்களூரில்தான். வேடிக்கை என்னவென்றால், முத்தே சாப்பிடுவதற்குப் பெயர் பெற்ற தேவகவுடா பிரதமரானதும் அதே 1996-ல். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கர்நாடக விவசாயிகள் சங்கத்தார் பெங்களூரில் வெளிநாட்டுக் கோழிக்கறிக் கடை ஒன்றுக்குள் புகுந்து எதிர்ப்புக் காட்டினார்கள்.

அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1986-ல், ரோம் நகரின் நடுவில் அமெரிக்க பர்கர் கடை திறந்தபோது இத்தாலியர்களும் எதிர்த்தார்கள். கண்ணாடியை உடைப்பதற்குப் பதில் பாஸ்தாவை வேகவைத்து வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள். அதில் முன்நின்ற கார்லோ பெத்ரீனி தொடங்கியதுதான் ஸ்லோ ஃபுட் இயக்கம். எங்கள் ஊர்த் தானியம் இது, இதை விளைவிக்கிறவர் இவர், இதற்கு இன்ன விலை கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, பாட்டி சமையலை மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. நூறு ஆண்டுக்கு முன் மனிதரைக் கொன்ற வறுமையின் சின்னம் போலென்டா. அதைச் சாப்பிட்டுப் பிழைக்க முடியாமல் வெனேட்டோ மாநிலத்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பிரேசிலுக்குக் கப்பலேறினார்கள். அதே போலென்டா இன்று பாகலூர் சாலையில் 420 ரூபாய். களி மாறவில்லை. கூட வைக்கப் பாலாடைக்கட்டியும் காளானும் கிடைத்தன. அதைச் சாப்பிட்டதைச் சொல்லிக்கொள்ள ஆட்கள் வெட்கப்படவில்லை.

தமிழ் படித்த பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு. நம் வீரமாமுனிவர் 1680-ல் பிறந்த காஸ்திலியோனே என்ற ஊர் வட இத்தாலியில், மாந்துவாவுக்கு அருகில் இருக்கிறது. போலென்டா உண்ணும் பகுதிதான்.

நம் பக்கமும் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மாண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டுச் சேர்த்து "இண்டாஃப்" ரகங்களை உருவாக்கினார். ஊர்மக்கள் அவரை ராகி லட்சுமணய்யா என்றே அழைத்தார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் என்ற பெயரிலேயே கேழ்வரகு ரகம் வெளியிட்டிருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அந்த ஆண்டு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் "ராகி முத்தே ஊட்டா" என்று பலகை வைத்த கடைகளில் கார்கள் நிற்கின்றன. நல்லதுதான். ஆனால் கடையில் பெருமையாகச் சாப்பிடுகிறவர்கள், வீட்டுக்குச் சம்பந்தி வந்தால் களி கிண்டுவதில்லை. "என்ன நினைச்சுக்குவாங்க" என்ற அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அது போகாதவரை கேழ்வரகு போட்ட விவசாயிக்கும் மரியாதை வராது.

புது உணவகத்துக்குத் தாராளமாகப் போங்கள். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பிழைக்கட்டும். பீட்சாவும் நன்றாகவே இருந்தது என்று பேரன் சான்றிதழ் கொடுத்திருக்கிறான். போகிறபோது உங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கீரையும் அவரையும் சேர்த்தால்தான் களி முழு உணவு என்பதையும் சொல்லுங்கள். அது இல்லாமல் போனதால்தான் அங்கே லட்சம் பேர் நோயாளிகளானார்கள்.

ஒரு வேலையும் கொடுக்கிறேன்; வாத்தியார் புத்தி, விடாது. உங்கள் வீட்டில் இதைக் களி என்றார்களா, முத்தே என்றார்களா, சங்கட்டி என்றார்களா? கூட என்ன குழம்பு? வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், ஊர் மட்டும் போதும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதித் தொகுக்கப் போகிறேன். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்